அசுணத்துக்கு ஒரு நாற்காலி

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குள் ஊற்றெடுத்து வரவில்லை. ஒரு பத்திரிகை ஆசிரியர் போனில் ஏதோ கேட்டார், நான் "சரி" என்றேன். என்ன கேட்டார் என்பது காதில் விழவில்லை. விழாதபோது "சரி" என்று சொல்வது எனக்குப் பல வருடப் பழக்கம். பெரும்பாலும் ஆபத்தில்லாத பழக்கம்தான். உலகத்தில் முக்கால்வாசிப் பேச்சுக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

இரண்டு நாள் கழித்துக் கடிதம் வந்தது. சிறப்பிதழின் தலைப்பு: "தொன்ம விலங்குகள்: அகவிழிப்பின் படிகள்." கதை தர ஒப்புக்கொண்டதற்கு நன்றி. கதையின் முடிவில் ஓர் ஆன்மிக வளர்ச்சி தென்பட்டால் நல்லது.

அவரைத் திரும்பக் கூப்பிட்டேன். இந்த முறை போனை இடது காதில் வைத்துக்கொண்டேன். இரண்டில் அதுதான் கொஞ்சம் யோக்கியம்.

"எந்த விலங்கு வேணும்னாலும் எழுதலாமா?"

"தாராளமா சார். ஆனா யாளியை ஒரு பேராசிரியர் எடுத்துட்டார். அன்னத்துக்கு ரெண்டு கவிஞருக்குள்ள சண்டை, நான் தலையிடலை. மகரம், காமதேனு, இருதலைப் பறவை எல்லாம் போயாச்சு."

"அப்ப என்னதான் மிச்சம்?"

"அசுணம் இருக்கு சார். அதை யாரும் சீந்தலை."

பந்திக்கு முந்த வேண்டும் என்பார்கள். நான் எல்லாவற்றுக்கும் பிந்துகிறவன். எனக்கு வாய்த்தது அசுணம்.

2

அசுணம் தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். தெரியாதவர்கள் வெட்கப்பட வேண்டாம், நானும் அகராதியைப் புரட்டித்தான் உறுதி செய்துகொண்டேன். பழைய பாட்டுகளில் வரும் உயிர் அது. விலங்கு என்கிறவர்கள் உண்டு, பறவை என்கிறவர்களும் உண்டு. எத்தனை கால், என்ன நிறம், யாருக்கும் தெரியாது. காது மட்டும் உறுதி. நல்ல இசை கேட்டால் மெய்மறந்து பக்கத்தில் வந்து நின்றுவிடும். பறையின் கடுஞ்சத்தம் கேட்டால் அங்கேயே விழுந்து சாகும். அதனால் அதைப் பிடிக்கப் போகிறவன் முதலில் யாழ் வாசிப்பான். அது புதரை விட்டு வெளியே வரும். பக்கத்தில் வந்ததும் யாழைக் கீழே வைத்துவிட்டுப் பறையை எடுப்பான்.

இதை வைத்து நான் எழுதிப் பார்த்த முதல் தொடக்கம்:

[நம் ஒவ்வொருவர் உள்ளத்திலும் ஓர் அசுணம் உறங்குகிறது. அகத்தின் நுண்ணிய ஒலிகளை அது

உறங்கட்டும், பாவம். இரண்டாவது:

[அடர்ந்த காட்டில் ஒரு வேடன் வாழ்ந்து வந்தான். அவனிடம் ஒரு யாழும் ஒரு பறையும்

நீங்கள் கொட்டாவி விட்ட சத்தம் எனக்கே கேட்டது, அதுவும் வலது காதில். மூன்றாவது:

[அசுணம் மெல்லத் தலைநிமிர்ந்து, "மனிதா

விலங்கு "மனிதா" என்று வாயைத் திறந்தால் எழுத்தாளன் பேனாவை மூடிவிட வேண்டும். மூடினேன். மூன்று வாரம் மூடியபடியே கிடந்தது. ஐம்பத்தெட்டு வயதில் மூன்று வாரம் எழுதாமல் இருப்பது துக்கமே இல்லை, நிம்மதியாகத்தான் இருந்தது. எனக்குச் சலித்துவிட்டது ஐயா. மனிதர்களைப் பிடித்து வந்து, இரண்டு பக்கம் அழவைத்து, கடைசி வரியில் ஏதோ புரிந்தாற்போல் அனுப்பி வைக்கிற வேலை. என் பாத்திரங்கள் எல்லாரும் எதையாவது உணர்ந்துவிட்டார்கள். எழுதிய நான் இதுவரை ஒன்றையும் உணர்ந்தபாடில்லை.

3

என் மனைவிக்கு என் கதைகளுக்குள் வருவது பிடிக்காது. ஆனால் அவள் இல்லாமல் இந்தக் கதை வாசலைக்கூடத் தாண்டாது.

"மூணு தடவை கூப்பிட்டாச்சு. காது கேக்கலையா, கேக்கப் பிடிக்கலையா? ரெண்டுல எதுன்னு ஆஸ்பத்திரியில எழுதி வாங்கிட்டு வாங்க. நானும் அதுக்குத் தகுந்த மாதிரி நடந்துக்கறேன்."

போனேன். ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், தாழ்வாரத்தின் கடைசியில், காது சோதிக்கும் அறை. சோதிக்கிற பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். தலைமுடி முழுவதையும் காதுக்குப் பின்னால் தள்ளிச் செருகியிருந்தாள், தொழிலுக்கு விளம்பரம் மாதிரி. வார்டுக்காரர்கள் அவளைக் "காது மேடம்" என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

அறைக்குள் இன்னொரு சின்ன அறை, கனமான இரும்புக் கதவு போட்ட பெட்டி. உள்ளே ஒரு நாற்காலி, அதற்கு நேர் எதிரே ஒரு கண்ணாடி ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவள் தன் கருவியோடு உட்கார்ந்திருப்பாள். ஹெட்போனை மாட்டுவதற்கு முன்னால் என் கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள்.

"சத்தம் கேட்டா பட்டனை அழுத்துங்க. ரொம்பச் சின்னதா, கேட்ட மாதிரி இருந்தாலும் அழுத்துங்க. கேக்கலைன்னா சும்மா இருங்க. கேக்கலைங்கறது தப்பு இல்ல."

ஒரு நாளைக்கு இருபது பேரிடம் சொல்கிற வாக்கியம். ஏற்ற இறக்கமே இல்லை. ஆனாலும் அந்தக் கடைசி வரி எனக்கு இதமாக இருந்தது.

கதவு மூடியது. அப்படி ஒரு நிசப்தத்தை நான் கண்டதில்லை. ஞானிகள் உள்ளே கேள், உள்ளே கேள் என்கிறார்களே, இதுதான் சமயம் என்று கண்ணை மூடிக் கேட்டேன். வயிறு இரைந்தது. அதற்கும் உள்ளே ஒன்றும் இல்லை. கண்ணைத் திறந்துவிட்டேன்.

அப்போதுதான் அதைக் கவனித்தேன். ஒவ்வொரு சத்தத்தையும் அனுப்புவதற்கு முன்னால் அவள் ஒரு மூச்சு இழுத்தாள். கண்ணாடி வழியாக அவள் வலது தோள் ஒரு விரல் அளவு ஏறி இறங்கியது. தோள் ஏறியது, அழுத்தினேன். மறுபடி ஏறியது, அழுத்தினேன். பரீட்சை என்று ஒன்று வைத்துவிட்டால் எனக்குத் தேறியாக வேண்டும். காதுப் பரீட்சைக்கும் அதே புத்திதான்.

வெளியே வந்ததும், "உங்க வயசுக்கு நல்லாவே இருக்கு சார். வீட்ல தைரியமா சொல்லலாம்," என்றாள்.

அத்தோடு நான் கிளம்பிப் போயிருக்க வேண்டும். வாய் சும்மா இருக்குமா?

"தப்பா எடுத்துக்காதீங்க. பாதிக்கு மேல உங்க தோளைப் பாத்துத்தான் அழுத்தினேன். சத்தம் போடறதுக்கு முன்னாடி நீங்க மூச்சு இழுக்கறீங்க."

அவள் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "எல்லாத்துக்குமா?" என்று கேட்டாள்.

"அனேகமா."

அவள் என்னைப் பார்க்கவில்லை. திறந்த கதவு வழியாகப் பெட்டிக்குள் இருந்த நாற்காலியைப் பார்த்தாள். "போன வருஷம் எங்க அண்ணனுக்கும் நான்தான் பாத்தேன்," என்றாள்.

எழுந்துபோய் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டாள். என்னை மறுபடி உட்காரவைத்தாள். இந்த முறை நான் நேர்மையாகத் தோற்றேன். வலது காது ஏறக்குறையப் போய்விட்டது, இடதும் கிளம்பத் தயாராகிறது. இரண்டு வாரம் கழித்து மிஷின் மாட்டிக்கொள்ள வரச்சொன்னாள்.*

* எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதற்கு மேல் வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

4

வீட்டுக்கு வந்து பேனாவைத் திறந்தேன். அந்த அண்ணன் யார்?

[அண்ணன் ஒரு பாடகர். ஊரே மயங்கும் குரல்

வேண்டாம். அசுணத்துக்கும் பாட்டுக்கும் முடிச்சுப் போட்டால் ஆசிரியர் மகிழ்ந்துபோவார். எனக்கு வாய் கசக்கிறது.

[அண்ணன் ஒரு கணக்கு வாத்தியார். கடைசி பெஞ்சுப் பையன்கள் முணுமுணுப்பது

கேட்காமல் போனால் அந்த வாத்தியாருக்கு நல்லதுதானே. யார் உயிர் போகிறது? அவள் சிரிப்பு நின்ற வேகத்துக்கு வாத்தியார் போதாது. காது போனால் இன்னொருவன் தலை போகிற தொழிலாக இருக்க வேண்டும்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன் என்று வைத்துக்கொண்டேன். கிரேனைப் பற்றி எனக்குத் தெரிந்தது பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தது மட்டும். ஆறு மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் ஒரு மனிதன் காலுக்கடியில் குனிந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வருடத்துக்கு ஒரு தடவை கண், காது, ரத்த அழுத்தம் பார்த்து ஆஸ்பத்திரிக்காரர்கள் கையெழுத்துப் போட்டால்தான் கூண்டுக்குள் ஏறலாம்.

(வேறு யாரையாவது வைத்து அண்ணன் காதைப் பார்க்கச் சொல்லக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்காதீர்கள். இன்னொரு ஆளைச் சேர்த்தால் அவருக்கும் ஒரு குடும்பம், ஒரு மூக்குக்கண்ணாடி எல்லாம் கொடுக்க வேண்டும். எனக்குத் தெம்பில்லை. அந்த ஆஸ்பத்திரியில் காது பார்க்க அவள் ஒருத்திதான்.)

5

அன்று சாயங்காலம் காது மேடம் வீட்டுக்குத் திரும்பியபோது படிக்கட்டிலேயே டிவி சத்தம் கேட்டது. ஒரு வருடமாகக் கேட்கிற சத்தம்தான். இன்றைக்குத்தான் அது காதில் ஏறியது.

அவளும் அண்ணனும் ஒரே வீடு. அவள் கணவன் வெளியூர் வேலையில் இருந்தான், மாதம் ஒருமுறை வருவான். அண்ணன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், "மேல ஒரு கூண்டு போதாதா? கீழயும் ஒண்ணு எதுக்கு?" என்பான். இருபத்தாறு வருடமாக அந்தக் கூண்டு. அங்கிருந்து பார்த்தால் கப்பல் வருவது துறைமுக அதிகாரிக்குத் தெரிவதற்கு முன்னால் தனக்குத் தெரியும் என்பதில் அவனுக்கு ஒரு பெருமை. இறங்கி வந்தால் அவன் வெறும் ஐம்பத்தோரு வயது ஆள். அது அவனுக்கும் தெரியும்.

"அண்ணா, சாப்பிட்டியா?" என்று வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"சரி," என்றான் அண்ணன், டிவியைப் பார்த்தபடி.

அவள் ஒரு செருப்போடு அப்படியே நின்றாள். எத்தனை நாளாக இப்படி? சாப்பிட்டியா, சரி. தலை வலிக்குதுண்ணா, சரி. அவள் அதை அன்பு என்று நினைத்திருந்தாள். எதற்கும் எதிர்ப்பேச்சுப் பேசாத அண்ணன் யாருக்குக் கிடைப்பான் என்று வேலை செய்யும் இடத்தில் பீற்றிக்கொண்டும் இருந்தாள்.

அடுத்தாற்போல் போன மாதம் சாப்பாட்டு மேசையில் அவன் சொன்ன கதை ஞாபகம் வந்தது. கீழே கொக்கி மாட்டுகிற ஆளை அண்ணன் மச்சான் என்றுதான் கூப்பிடுவான், உறவு ஒன்றும் கிடையாது. அந்த மச்சான் வாக்கி டாக்கியில் "நிறுத்து, நிறுத்து" என்று கத்தியிருக்கிறார். இரும்புப் பெட்டி இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. அவராகத் துள்ளி விலகினதால் தப்பித்தார்.

"பேட்டரி செத்துப்போச்சு பாப்பா. மச்சான் குதிச்ச குதியைப் பாக்கணுமே, ஸ்கூல் பையன் தோத்தான்!" அண்ணன் அதைச் சிரிப்பாகத்தான் சொன்னான். அவளும் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். பேட்டரி சாகவில்லை என்பது இப்போது அவளுக்குத் தெரிந்தது.

தப்பு எங்கே நடந்தது என்பதும் தெரிந்தது. நியாயமாகச் சோதனைப் பெட்டிக்குள் நாற்காலி சுவரைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். படிக்கும்போது சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான். ஆறு வருடம் முன்பு ஒரு வயதான அம்மா உள்ளே அடைத்ததும் பயந்து ஓவென்று அழுதுவிட்டாள். இவளுக்கு மனசு கேட்கவில்லை. "நான் இங்கேதான் இருக்கேன், என்னையே பாத்துட்டிருங்க" என்று நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பினாள். அந்த அம்மா அமைதியானாள். அதற்குப் பிறகு யாருமே அழவில்லை. நாற்காலியும் அப்படியே இருந்துவிட்டது. அந்த ஆஸ்பத்திரியில் மிகவும் அன்பான ஆள் என்று அவளுக்குப் பெயர் வந்ததே அந்த நாற்காலியால்தான்.

அண்ணனுக்கு அவள் தோள்கூடத் தேவையில்லை, முகமே போதும். சின்ன வயதில் கண்ணாமூச்சி ஆடினால் அவள் எந்த மூலையில் ஒளிந்தாலும் கண்டுபிடித்துவிடுவான். "ஒளியறதுக்கு முன்னாடி நீ ஒரு மூச்சு இழுக்கற பாரு, தெருமுனை வரைக்கும் கேக்குது" என்பான். போன வருடம் சோதனை முடிந்து வெளியே வந்தபோது, "தங்கச்சி வெச்ச பரீட்சையில அண்ணன் தோப்பானா?" என்று தலையில் தட்டினான். அவள் கையெழுத்துப் போட்டாள்.

இந்த வருடச் சோதனை வரும் வியாழக்கிழமை. நாற்காலி சுவர்ப்பக்கமே இருந்தால் அண்ணன் இறங்கிவிட வேண்டியதுதான், மறுபடி ஏற முடியாது. பழையபடி ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டால் மச்சான் தினமும் காலை எட்டு மணிக்கு அந்த இரும்புப் பெட்டிகளுக்குக் கீழே போய் நிற்பார்.

6

இந்த இடத்தில் ஆசிரியர் கூப்பிட்டார்.

"சார், கதை எந்த மட்டுல இருக்கு?"

"பாதி."

"அசுணம் வந்தாச்சா?"

"வந்து ஆறு வருஷமாச்சு. ஆஸ்பத்திரியில வேலை பாக்குது."

கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமில்லை, அல்லது எனக்குக் கேட்கவில்லை. பிறகு, "வளர்ச்சி வருமில்ல சார்?" என்றார். அது கேட்டது.

அவருக்காகக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன். யார் இதில் அசுணம்? பொட்டுச் சத்தத்தையும் அளந்து சொல்கிற தொழில்காரி, ஒருத்தி அழுதால் தாங்காதவள், தன் நல்ல மனசின் பாட்டைக் கேட்டு மயங்கி நின்றவள். அவளாகத்தான் இருக்க வேண்டும். நான் என் கேலிப்பேச்சால் பறையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்திருக்கிறேன். பழைய பாட்டின்படி அவள் விழுந்திருக்க வேண்டும். மனுஷி விழ மாட்டாள், மறுநாள் வேலைக்குப் போயாக வேண்டும். அகவிழிப்பு என்று ஒன்று இருந்தால் அது யாழைக் கேட்டு வருவதில் இல்லை, பறையைக் கேட்ட பிறகும் சாகாமல் நின்றுகொண்டிருப்பதில்தான் இருக்கிறது.

(இந்த வரியை ஆசிரியர் பெரிய எழுத்தில் போடுவார். எனக்கு நம்பிக்கை இல்லை. சாகாமல் நிற்கிறவர்களில் பலபேர் விழிப்படைவதில்லை, சலித்துப்போகிறார்கள். என்னைப் பாருங்கள். சரி, வரி இருக்கட்டும்.)

இன்னொரு சந்தேகமும் உண்டு. அவளை நான் ரொம்ப நல்லவளாக்கிவிட்டேனோ? அண்ணன் வேலை போனால் நாளெல்லாம் வீட்டில் டிவியோடு உட்கார்ந்திருப்பானே என்ற எரிச்சல் அவளுக்கு ஒரு நிமிடமாவது வந்திருக்காதா? வந்தது. அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். சேர்த்துக்கொள்ளுங்கள்.

7

வியாழக்கிழமை காலை. தாழ்வாரத்து பெஞ்சில் துறைமுகத்து ஆட்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் இருந்தவர் மச்சான். அண்ணன் முதல் ஆளாக உள்ளே வந்தான்.

"என்ன பாப்பா, நாற்காலி திரும்பிக் கிடக்கு?"

"புது ரூல்ணா," என்று அவள் கொஞ்சம் உரக்கச் சொன்னாள்.

"உன் மூஞ்சியைப் பாக்காம நான் என்னத்தக் கேக்கறது?"

விளையாட்டாகத்தான் சொன்னான். சொன்ன பிறகு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன்தான் முதலில் கண்ணை எடுத்தான். அவனுக்குத் தெரியுமா? போன வருடமே தெரியுமா? [இதை அவள் கேட்டாள் என்று எழுதினேன். கேட்கவில்லை என்று மாற்றினேன். கேட்கிற ஆள் இல்லை அவள்.] அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். அவள் ஹெட்போனை மாட்டினாள். நரைத்த முடியைக் காதுமேலிருந்து ஒதுக்கிவிட்டாள்.

"சத்தம் கேட்டா பட்டனை அழுத்துண்ணா. கேக்கலைன்னா சும்மா இரு. கேக்கலைங்கறது..."

முடிக்கவில்லை. ஹெட்போன் மாட்டிய பிறகு சொன்னதால் அவனுக்குக் கேட்டிருக்கவும் வழியில்லை.

கதவை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவன் பட்டனை அழுத்தினால் அவள் கருவியில் ஒரு பச்சை விளக்கு எரியும். முதல் சத்தத்தை அனுப்பினாள். விளக்கு எரியவில்லை. கூட்டினாள். எரியவில்லை. இன்னும் கூட்டினாள். இடையில் அவள் ஒன்றுமே அனுப்பாதபோது மூன்று தடவை விளக்கு எரிந்தது, ஒரே சீராக, தாளம் போட்ட மாதிரி. போன வருடத்துத் தாளம். அவன் மனப்பாடமாக வைத்திருந்தான்.

கண்ணாடி வழியாக அண்ணனின் பின்னந்தலை மட்டும் தெரிந்தது. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து அசையாமல் இருந்தான். கண்ணாமூச்சியில் அவளைத் தேடும்போதும் இப்படித்தான் நிற்பான், நடு அறையில், தலையைச் சாய்த்து, அவள் மூச்சுக்காகக் காத்துக்கொண்டு. அவள் இப்போது மூச்சை அடக்கிக்கொண்டாள். அவன் பார்க்க முடியாது என்று தெரிந்தும் அடக்கினாள். கத்துகிற அளவுக்குச் சத்தத்தை ஏற்றிய பிறகு பச்சை விளக்கு ஒரு தடவை, தயங்கித் தயங்கி எரிந்தது. இன்னொரு காதும் அதே கதி.

கதவைத் திறந்தாள். அண்ணன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தான். அவள் படிவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். பெஞ்சில் மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"என்ன பாப்பா, தேறிட்டேனா?"

கூட இருந்தவர்கள் முன்னால் அவனை அவமானப்படுத்தக் கூடாது என்று, அவள் தன் வழக்கமான சின்னக் குரலில், தலை குனிந்தபடி சொன்னாள்: "இல்லண்ணா. ரெண்டு காதும் போயிருக்கு. இனிமே நீ மேல ஏற முடியாது."

அண்ணன் சிரித்தான். "சரி," என்றான்.

பெஞ்சுப் பக்கம் திரும்பிக் கட்டைவிரலை உயர்த்தினான். "முடிஞ்சுது மச்சான். அடுத்து நீ போ."

8

இங்கே நிற்கிறது கதை. அவள் அதைச் சொல்லிவிட்டாள், அவன் அதைக் கேட்கவில்லை. திரும்பச் சொல்வதென்றால் தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி கத்த வேண்டும். காது கேட்காதவர்களிடம் ரகசியம் பேச முடியாது. அசுணம் தானே பறையை எடுத்து அடிக்க வேண்டும்.

முடிவு ஒன்று: கத்துகிறாள். மச்சான் எழுந்து நிற்கிறார்.

முடிவு இரண்டு: சொன்னது சொன்னதுதான், கேட்காதது அவன் பாடு என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறாள். அடுத்த வாரம் இரும்புப் பெட்டி...

முடிவு மூன்று: பொன்னிறச் சிறகுகளோடு அசுணம் தாழ்வாரத்தில் இறங்கி அவள் தோளில்... (ஆசிரியருக்கு.)

மூன்றும் பிடிக்கவில்லை. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நான் எதற்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்? அவள் நிஜம். அவள் அண்ணனும் நிஜம், அவன் எந்தக் கூண்டில் எந்த வேலை பார்க்கிறானோ. இரண்டு வாரம் முடிகிறது, எனக்கு மிஷின் மாட்டப் போக வேண்டும். நேராகவே கேட்டுவிடலாமே.

நேற்றுப் போனேன்.

பெட்டிக்குள் நாற்காலி சுவரைப் பார்த்திருந்தது. அவள் கொஞ்சம் இளைத்த மாதிரி தெரிந்தது, என் கற்பனையாகவும் இருக்கலாம். மிஷினை என் காதில் பொருத்தினாள், அதன் சின்ன வால் மாதிரியான ஒயரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நான் மெதுவாகத் தொடங்கினேன்.

"போன தடவை உங்க அண்ணன்னு ஏதோ..."

அவள் கை நின்றது. என் வலது பக்கம் நின்றுகொண்டிருந்தாள், கெட்ட காதின் பக்கம். மிஷினின் ஸ்விட்சை இன்னும் போடவில்லை. அவள் பேசினாள். உதடு அசைந்தது ஓரக்கண்ணில் தெரிந்தது. ஒரு வாக்கியம் இல்லை, நாலைந்து இருக்கும். நடுவில் ஒருமுறை நிறுத்தி மறுபடி தொடர்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள் என்றுதான் நினைக்கிறேன்.

முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சரி," என்றேன்.

பழக்கம். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் என் முகத்தையே பார்த்தாள். அந்தச் "சரி" எங்கிருந்து வருகிறது என்று உலகத்திலேயே அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். என் காதின் வரைபடம் அவள் கையால் போட்டது. எந்தப் பக்கம் நின்று பேசினால் எனக்கு விழாது என்பது தெரியாதவளா?

அவள் ஸ்விட்சைப் போட்டாள். முதலில் எனக்குக் கேட்டது ஒரு மூச்சு. அவள் இழுத்த மூச்சு, பேசுவதற்கு முன்னால்.

"இப்ப கேக்குதா சார்?"

"கேக்குது," என்றேன். திரும்பக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளும் திரும்பச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தேன். என் மனைவி சமையலறையில் இருந்தாள். "போன காரியம் ஆச்சா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள், பாத்திரத்தைக் கழுவியபடி, தனக்குத்தானே, "எங்க கேக்கப்போகுது," என்று சேர்த்துக்கொண்டாள். கோபமே இல்லாத குரல். எத்தனை வருடமாக ஒவ்வொரு பேச்சுக்குப் பின்னாலும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாளோ. நான் வாசலில் நின்றேன். "கேக்குது," என்று சொல்ல வேண்டும், சொன்னால் அவள் திடுக்கிட்டுத் திரும்புவாள். இதை எழுதும்வரை சொல்லவில்லை.

ஆகவே ஆசிரியர் அவர்களுக்கு: வளர்ச்சி இவ்வளவுதான், மன்னிக்கவும்.

வாசகருக்கு: அவள் என் வலது காதருகே நின்று சொன்னது இதுதான்.

[                                        ]

உங்கள் நாற்காலியையும் திருப்பிப் போட்டிருக்கிறேன். என் தோளைப் பார்க்க முடியாது. பட்டன் உங்கள் கையில் இருக்கிறது. சத்தம் கேட்டால் அழுத்துங்கள். ரொம்பச் சின்னதாக, கேட்ட மாதிரி இருந்தாலும் அழுத்துங்கள். கேட்கவில்லை என்றால் சும்மா இருங்கள், கேட்காதது தப்பு இல்லை.

"சரி" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.